பாலாற்றுக்கு வராத எஞ்சின்

1

என் மனைவியின் அண்ணன் தனபால் போன மாதம் லெஸ்டருக்கு வந்து எங்கள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுப் போனார். ஆம்பூரில் அவர் இப்போது தோல் ஏற்றுமதி ஏஜென்ட். இங்குள்ள செருப்புக் கம்பெனிகளுக்கு ஆட்டுத்தோல் மாதிரிகள் காட்ட வந்தார். ஊரிலிருந்து ஆள் வந்தால், அவர் கொண்டுவந்த ஊறுகாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது இங்கே இருப்பவர்களின் வழக்கம். தனபாலும் ஊறுகாய் கொண்டுவந்தார். நன்றாகவே இருந்தது. நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு.

லண்டன் விமான நிலையத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். குடியேற்றச் சட்டத்தை இறுக்கிய பிறகு, வியாபாரத்துக்கு வருகிற நம் ஆட்களையும் தங்கிவிட வந்தவர்களாகவே பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள் நடுச்சுவரைத் தட்டினார். போய் எடுத்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். இந்த ஆளைத் தெரியுமா? தெரியும். எவ்வளவு காலமாக? என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. சொன்னது சொன்னபடி திரும்பிப் போய்விடுவாரா?

"போய்விடுவார்" என்றேன்.

அது போதுமானதாக இருந்தது. முகம் தெரியாத ஓர் அதிகாரி என் வார்த்தையை நம்பி ஒரு மனிதரை உள்ளே விட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. என் வார்த்தை செல்லாமல் போன ஊரிலிருந்து வந்தவன் நான்.

சனிக்கிழமை தனபாலையும் என் மகள் மாலதியையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பொம்மை ரயில், பொம்மைக் கப்பல் விற்கும் கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன்னால் தனபால் நின்றுவிட்டார்.

"மச்சான், இங்க வா. இத்த பாரு."

கட்டை விரல் பருமனில் ஒரு டீசல் எஞ்சின். மாதிரி விமானத்தின் மூக்கில் பொருத்துவது. பக்கத்திலேயே அதற்கான உதிரி பாகங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். உள்ளே போனோம். தட்டில் எரிபொருள், கலந்து, டின்னில் அடைத்து, லேபிள் ஒட்டி வரிசையாக இருந்தது. ஒரு டின்னின் மூடியோரம் லேசாகக் கசிந்திருந்தது. ஈதர் வாசனை. ஆஸ்பத்திரியும் மண்ணெண்ணெயும் சேர்ந்த அந்த வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"இதை வாங்க பர்மிட் வேண்டுமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "வெறும் எண்ணெய்தானே, வாத்தே?" என்றார். இந்த ஊரில் வாத்து என்று கூப்பிடுவது அன்புக்கு. வந்த புதிதில் அதற்காக ஒரு பஸ் கண்டக்டரோடு சண்டைக்குப் போயிருக்கிறேன். மாலதி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அப்பா கடைகளில் கேள்வி கேட்டால் அவளுக்கு மானம் போகிறது. தனபால் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

2

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் கைத்தறி. தறிக்குழியில் இறங்க மனமில்லாமல் படித்தேன். ஆம்பூரில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. அதோடு சென்னை நாளிதழ் ஒன்றுக்கு வட்டாரச் செய்தி அனுப்பும் நிருபராகவும் ஆனேன். தோல் ஷெட்டில் தீ, பாலாற்றில் வெள்ளம், பஸ் கவிழ்ந்தது, பள்ளியில் ஆண்டு விழா. சின்னச் செய்திகள்தான். ஆனால் டீக்கடையில் இரண்டு பேர் ஒரு விஷயத்துக்காக அடித்துக்கொள்ளும்போது மூன்றாவது ஆள் "பேப்பர்ல வந்துகிது" என்றால் சண்டை முடிந்துவிடும். அந்த மூன்றாவது ஆளின் குரல் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

தனபால் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. என் வயதுதான். முதலில் தோஸ்த், பிறகு மைத்துனர்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வெள்ளைக்காரர். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரசாயன நிபுணராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை மைதானத்தில் சிறிய விமானம் பறக்கவிடுவார். இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நின்று சுழல, விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் வளர்ந்த ஆண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு சில வருஷம் இருந்துவிட்டு அவர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிற வாரம் விமானம் சுவரில் மோதி நொறுங்கியது. எஞ்சினை மட்டும் ஒரு கைக்குட்டையில் சுற்றி எங்களிடம் கொடுத்தார். "உங்கள் இரண்டு பேருக்கும்" என்றார். உள்ளே பிஸ்டனை அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த எஞ்சினை ஓடவைப்பது எங்கள் வேலையாயிற்று. அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, பாட்டரி கிடையாது. தலையில் ஒரு திருகு. அதை இறுக்கினால் உள்ளே காற்றின் அழுத்தம் கூடும். முன்னால் சுழலும் விசிறியை விரலால் சுண்டினால் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். அந்த எரிபொருள்தான் பேஜார். மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈதர் ஒரு பங்கு. முதல் இரண்டும் எந்தத் தெருவிலும் உண்டு. தோலுக்கு மெருகேற்ற ஆலைகளே விளக்கெண்ணெயை டின் டின்னாக வாங்கும். ஈதர், ஆளை மயக்கி அறுவை செய்யும் இடத்தில் இருக்கும் பொருள். அதோடு அப்போது மதுவிலக்கு. வார்னிஷைக்கூட வடிகட்டிக் குடிக்கிறார்கள் என்று போலீஸ் கடை கடையாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு மருந்து சப்ளை செய்யும் கடைக்காரர், "பர்மிட் வாங்கினு வா, குடுக்கறேன்" என்றார். பர்மிட்டுக்குச் சர்க்கார் ஆபீஸுக்குப் போனோம். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கு ஒரே ஒரு வகைப் பர்மிட்தான் தெரியும். குடிக்காமல் இருக்க முடியாது என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தவர்களுக்கு வழங்குவது.

"யாருக்கு?" என்றார்.

"ஏரோப்ளேனுக்கு சார்" என்றான் தனபால்.

"எங்க கீது ஏரோப்ளேனு?"

தனபால் சட்டைப் பையிலிருந்து எஞ்சினை எடுத்து மேஜைமேல் வைத்தான். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது குடிக்குமா?"

"குடிக்கும் சார். ஒரு அவுன்சு. அதுக்கு மேல தாங்காது."

"வயசு இன்னா?"

"அஞ்சி இருக்கும் சார்."

"மைனருக்கு பர்மிட் கெடையாது, போ" என்றார். அறை முழுவதும் சிரித்தது. ஆனாலும் அவர் நல்ல மனிதர். ஆலைக்கு மெருகு வேலைக்குத் தேவை என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். தனபால் வாங்கிவந்தான். யாரிடம் எதை எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது அவனுக்குக் கைவந்த கலை. அந்த நாளில் எனக்கு அதில் வியப்பு மட்டுமே இருந்தது.

ஈதரை வேலூரிலிருந்து ஆம்பூருக்குக் கொண்டுவருவது அடுத்த பாடு. வெயிலில் பஸ் வந்து சேர்வதற்குள் பாதி ஆவியாகிவிடும். பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, அதை ஒரு மண்பானையில் வைத்து மடியில் ஏந்தி வந்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் பக்கத்து சீட்டில் இருந்தவர் தூங்கிவிட்டார். ஈதரின் வேலையா, பயணத்தின் களைப்பா தெரியாது. "உன் பானைய கீழ வைய்யா, எனக்கும் தூக்கம் வருது" என்று டிரைவர் கத்தினார்.

3

பாகங்கள் தேடியதைத் தனியாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஆலை எந்திரங்களுக்கே கிடைக்காத காலம். ஆகவே எல்லாவற்றையும் எங்கள் வட்டாரத்திலேயே கண்டுபிடித்தோம்.

எரிபொருளை அளந்துவிடும் ஊசி முறிந்தபோது கம்பவுண்டரிடம் பழைய இன்ஜெக்‌ஷன் ஊசி வாங்கினோம். எண்ணெய் போகும் குழாய்க்கு சைக்கிள் வால்வ் ட்யூப் போட்டோம். மண்ணெண்ணெயில் அது புடலங்காய் மாதிரி ஊதிக்கொண்டது. ஒவ்வொரு முறைக்கும் புது ட்யூப். எஞ்சினின் பின்மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்க வைக்கும் கேஸ்கட்டுக்கு மட்டும் நாங்கள் எங்கும் அலையவில்லை. பதனிட்ட ஆட்டுத்தோலில் மெல்லியதாகப் பார்த்து வெட்டி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டால் கச்சிதமாக உட்கார்ந்தது. விசிறியைச் செதுக்கியவர், செருப்பு தைக்க மர அச்சு செய்கிறவர். இடது காலுக்கும் வலது காலுக்கும் உள்ள வளைவு அவருக்குப் பழக்கம். விசிறியின் இரண்டு பக்கமும் எதிரெதிராக வளைய வேண்டும் என்றதும் "ஒரு ஜோடின்னு சொல்லுங்க" என்று உடனே பிடித்துக்கொண்டார். விமானத்தின் உடலுக்குக் கல்யாண முருங்கை மரம். இறக்கைமேல் பட்டக் காகிதம். அது விறைப்பாக நிற்க, தோலுக்கு அடிக்கும் லாக்கர் வார்னிஷைப் பூசினோம்.

கனெக்டிங் ராடுதான் எங்களை வருஷக்கணக்கில் அலையவைத்தது. பித்தளையில் செய்தால் கனம். இரும்பில் செய்தால் அச்சைத் தேய்த்தது. கடைசியில் யுத்தகாலத்து விமானம் ஒன்றின் உடைந்த தகடு சென்னைப் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. வேலூரில் சைக்கிள் பாகங்கள் கடைகிற லேத்துக்காரர் அதை அறுத்து, கடைந்து, இரண்டு தரம் கெடுத்து, மூன்றாவது தரம் சரியாகச் செய்து கொடுத்தார்.

இதற்கிடையில் எனக்கும் தனபாலின் தங்கை சரோஜாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. எஞ்சினைக் கழுவிக் காயவைக்க அவள் சமையலறைத் தட்டு ஒன்றை இழந்தாள். "என் அண்ணனும் நீங்களும் இதுக்குத் தாலி கட்டியிருக்கலாம்" என்பாள்.

4

ராடு வந்த வாரமே, ஒரு வியாழக்கிழமை, தனபாலின் மண்டியில் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். தோல் மடிக்கிற பெஞ்சில் அதைத் திருகி இறுக்கினோம். சுற்றிலும் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்குகள். நான் விசிறியைச் சுண்டினேன். விரலில் இரண்டு வெட்டு விழுந்த பிறகு அது இருமியது. தலைத் திருகைக் கொஞ்சம் இறுக்கினேன். பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் மண்டிக்குள் அடைபடாமல் தெருவுக்குப் போனது. ஆட்கள் ஓடி வந்தார்கள். கரீம் பாய் என்று ஒரு தோல் கொள்முதல்காரர், சென்னையில் பெரிய ஏற்றுமதிக்காரர் ஒருவருக்காகச் சரக்கு எடுப்பவர், அன்று மண்டியில் இருந்தார். "மாஷா அல்லா, இவ்ளோ சின்ன வயித்துக்கு இவ்ளோ பெரிய தொண்டையா!" என்றார். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தனபாலும் கரீம் பாயும் கைகோத்தார்கள். தனபால் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கோத்த கைகளின் மேல் போட்டான். எங்கள் பக்கத்துத் தோல் வியாபாரமும் மாட்டு வியாபாரமும் அப்படித்தான் நடக்கும். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தும் மடக்கியும் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. பிறர் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதைவிட அது பெரிய மரியாதைக் குறைவு.

கரீம் பாய் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். நான் எஞ்சின்மேலிருந்த எண்ணெயைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தேன். தோலுக்குப் பேரம் என்று நினைத்தேன். அவர் தலையசைத்தார். துண்டு விலகியது. "ஆச்சி" என்றான் தனபால்.

ஞாயிறன்று ஆற்றில் வைத்தே விமானத்தின் மூக்கில் பொருத்திக்கொள்ளலாம் என்று எஞ்சினை அவனிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் செய்தி எழுதினேன். கண்ணால் பார்க்காததை எழுதாதே என்பது எனக்கு ஆசிரியர் குழு சொல்லியிருந்த முதல் பாடம். பார்த்துவிட்டேன். உள்ளூர் ஆட்கள் இருவர் பழுது பார்த்த எஞ்சின், உள்ளூர்ப் பொருளில் செய்த விமானம், ஞாயிறு மாலை பாலாற்று மணலில் பறக்கும் என்று பத்து வரி. சனிக்கிழமை காலை அது அச்சில் வந்தது.

5

பாலாற்றில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், ஜனம் எப்போது கூப்பிட்டாலும் வரும். அன்று திருவிழாக் கூட்டம். வேர்க்கடலை விற்பவர் வந்துவிட்டார். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மாணவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு வந்தார். பள்ளிகொண்டாவிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு குடும்பமே வந்திருந்தது. நான் விமானத்தோடு நின்றேன். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டையும் நான்கு ஓட்டைகளும் இருந்தன. எஞ்சினைத் தனபால் கொண்டுவருவான்.

தனபால் வரவில்லை. அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அவன் மெட்ராஸ் போயிருப்பதாகப் பதில் வந்தது.

"இன்னா சார், ப்ளேனு பஸ்ஸ வுட்டுட்டுதா?" என்று ஒரு குரல்.

"ரெக்க கீது, மூக்கக் காணோமே. ஜலதோஷமா?"

"சார் கைல புடிச்சினு ஓடுவாரு பாரு, பறக்கும்."

தலைமையாசிரியர் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார். "சார், உண்மையைச் சொல்லுங்கள். எஞ்சின் என்று ஒன்று இருக்கிறதா? பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?"

இருக்கிறது என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம். வெளிச்சம் போகிறவரை நின்றேன். கடைசியாகப் போனவர் வேர்க்கடலைக்காரர். அவருக்கு மட்டும் அன்று நல்ல வியாபாரம்.

திங்களன்று கரீம் பாயிடம் போனேன். எஞ்சினைச் சனிக்கிழமை ராத்திரி ரயிலில் கொண்டுபோய்ச் சென்னையில் தன் முதலாளிக்கு நஜராக, மரியாதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் நின்ற நிலையைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது.

"நீங்க துண்டு பக்கத்துலயே நின்னீங்களே சார்? பங்காளி பக்கத்துல நின்னு கம்முனு இருந்தா, ஒத்துகினாருன்னுதானே கணக்கு? நான் உங்க மூஞ்ச பாத்தேன். நீங்க சிரிச்சீங்க!"

உண்மைதான். மண்டி வழக்கம் அது. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தனபால் செவ்வாயன்று திரும்பி வந்தான். அவனும் அதையே சொன்னான். "நீ பாத்துகினுதானே இருந்தே மச்சான்? வாணாம்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சரின்னுட்டேன்னு நெனச்சேன்." அதே மூச்சில், அந்தச் சென்னை ஏற்றுமதிக்காரரிடம் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னான்.

அவனை நம்பினேன். நெசவு வீட்டில் பிறந்தவனுக்கு மண்டி வழக்கம் தெரியவில்லை, தவறான புரிதல் நேர்ந்துவிட்டது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்திரிகை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியர் புகார் செய்திருந்தார். சென்னைக்கு வரச் சொன்னார்கள். செய்தி ஆசிரியர் கேட்டது இரண்டே கேள்வி. எஞ்சின் இருந்ததா? இருந்தது. யார் சாட்சி?

கிளம்புவதற்கு முன்பு சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். "அண்ணன் பேரு மட்டும் வெளிய வர வாணாங்க. இப்பதான் புது வேலைல சேந்துகிறான். திருட்டுப் பேரு வந்தா அவ்ளோதான்." அதனால் நான் தனபாலின் பெயரைச் சொல்லவில்லை. கரீம் பாயையோ மண்டியில் கைதட்டிய வேறு யாரையுமோ சொன்னால் தனபாலும் வருவான், ஆகவே அவர்களையும் சொல்லவில்லை. பெயரில்லாத சாட்சி சாட்சியே அல்ல என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சரி. மறுநாள் ஒரு மூலையில் வந்தது. இன்ன தேதியில் வெளியான செய்தி ஆதாரமற்றது எனத் தெரிகிறது, வருந்துகிறோம். என் இடத்துக்கு வாணியம்பாடியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள்.

டீக்கடையில் அதன் பிறகு புது வழக்கம் பிறந்தது. யாராவது நம்ப முடியாததைச் சொன்னால், "இன்னாபா, ஏரோப்ளேன் சார் எழுதினாரா?" என்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும், சிரிப்பு மிச்சமிருக்கும். அச்சக வேலையில் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் யோசிக்காமல் எழுதிப்போட்டேன்.

6

இங்கே ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. ப்ரூஃப் திருத்துகிற ஆங்கிலேயருக்கு மூலப்பிரதியை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பனியனைக் குறிக்கும் வெஸ்ட்டையும் மேற்கைக் குறிக்கும் வெஸ்ட்டையும் நான் ஒரே மாதிரி உச்சரிப்பதாக அவர் இன்றும் பல்லைக் கடிக்கிறார். திருத்துகிறவர் அவர், வாசிப்பவன் நான். மாலதி என்னோடு பேசும்போது தமிழைக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். என் ஆங்கிலத்தைத் தோழிகள் முன்னால் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

ஆனால் தனபால் மாமாவை அவளுக்கு வந்த அன்றே பிடித்துவிட்டது. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதுவே அவளுக்குப் பிடித்த காரணமாக இருக்கலாம். கடைத்தெருவிலிருந்து திரும்பிய அன்று சாப்பிடும்போது, கடையில் பார்த்த எஞ்சின் எதற்கு என்று அவரிடம்தான் கேட்டாள்.

தனபால் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கதையை ஆரம்பித்தார். பர்மிட் குமாஸ்தா, பானையில் ஈதர், செருப்பு அச்சுக்காரர் செதுக்கிய விசிறி. நன்றாகச் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு துண்டு வந்தது.

"கரீம் பாய் சுத்தமான ஆளு" என்றார். "பங்காளி சம்மதம் இல்லாம தொட மாட்டேன்னுட்டாரு. வேல பேச்சு, வெல பேச்சு எல்லாம் முந்தின வாரமே முடிஞ்சி போச்சி. எஞ்சின் ஓடணும், அவரு கண்ணால பாக்கணும், உங்கப்பா ஒத்துக்கணும். அவ்ளோதான் பாக்கி. உங்கப்பாவக் கேட்டா ஒத்துப்பாரா? உயிரே போனாலும் மாட்டாரு. அதுக்குத்தான் துண்டப் போட்டேன்." என் பக்கம் திரும்பினார். "துண்டு போட்டதே உனக்காகத்தான் மச்சான். உனக்குத்தான் விரலு பாஷ தெரியாதே! நீ பாட்டுக்கு சிரிச்சினு நின்னே. அவருக்கு திருப்தி ஆயிடுச்சி."

தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை. பழைய குறும்பு ஒன்றை நினைத்து மகிழ்கிற மனிதராகவே தெரிந்தார்.

"அந்த எஞ்சினு இல்லன்னா நான் அந்த மண்டியிலயே உப்பு அள்ளினு இருப்பேன். இன்னிக்கு ப்ளேன்ல வந்து எறங்கிகிறேன்னா அதாலதான்."

"ஞாயிற்றுக்கிழமை ஜனம் வரும் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"பேப்பர்ல வந்துதே, தெரியாம இன்னா? சனிக்கெழம சாங்காலம் உங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுதான போனேன்." சாதமிட்டுக்கொண்டிருந்த தங்கையைக் காட்டினார். "இவகிட்ட. நீ வீட்ல இல்ல. ப்ளேனுக்கு வால் ஒட்டப் பசை வாங்கப் போயிருந்தே."

சரோஜா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "மோர் ஊத்தட்டுமா அண்ணா?" என்றாள்.

மாலதி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். "அப்பா, அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்திருக்கலாமே? நீங்கள் ரிப்போர்ட்டர்தானே?"

தூக்கக்கூடாத துண்டு என்று ஒன்று உண்டு என்பதை விளக்க, அவளுக்குத் தெரிந்த மொழியில் எனக்கு வார்த்தைகள் இல்லை. தனபால் அவள் தலையைத் தடவி, "என் மருமவதான் ரிப்போர்ட்டரு!" என்றார். அவளும் சிரித்தாள்.

7

சொன்னது சொன்னபடி, சொன்ன தேதியில் தனபால் திரும்பிப் போய்விட்டார். ரயில் நிலையத்திலிருந்து வந்ததும் சரோஜாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. காய் நறுக்குவதையும் நிறுத்தவில்லை.

"தெரியும். அண்ணன் சொல்லிச்சி."

"மறுநாள் மத்தியானம் நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ வாசல்வரை வந்தாய்."

"வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆற்றுக்கே போயிருக்க மாட்டேன். நிகழ்ச்சி தள்ளிவைப்பு என்று பத்திரிகைக்கு அன்றிரவே தந்தி கொடுத்திருப்பேன்."

"சொல்லியிருந்தா நேரா கரீம் பாய் ஊட்டுக்குப் போயிருப்பீங்க. எஞ்சினு திரும்பி வந்திருக்கும். அண்ணன் வேல போயிருக்கும்." கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழம தலகுனிவு. அவனுக்கு வாழ்க்க. நான் எதுங்க எடுக்கறது? நீங்க பேப்பர்காரரு. ரெண்டு நாள்ல எழுதி சரி பண்ணிக்குவீங்கன்னு நெனச்சேன்."

"அவன் பெயரை எழுதக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது யார்?"

"அது வேற" என்றாள். பிறகு காயை அடுப்பில் ஏற்றினாள். அன்று நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போலச் சாப்பிட்டோம்.

நான் அந்த ஊரை விட்டதற்கு இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த காரணங்கள் பல. சம்பளம், மகளின் படிப்பு, தறி நலிந்தது. என்னோடு கப்பல் ஏறியவளுக்கு உண்மைக் காரணம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் குளிர்காலத்தில், டீக்கடைச் சிரிப்பைப் பற்றி அவளிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கம்பளியை என் காலுக்கு இழுத்துவிடுவாள்.

எழுதிச் சரிசெய்துகொள்வேன் என்று அவள் நினைத்ததாகச் சொன்னாள். இதை வெளியிடும் பத்திரிகை ஆம்பூருக்கும் போகிறது. அன்று ஆற்று மணலில் வரிசையாக நின்ற மாணவர்களுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும், சிலருக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். அவர்கள் யார் கண்ணிலாவது படட்டும்.

திருத்தம். பாலாற்று மணலில் விமானம் பறக்கும் என்று முன்பு வெளியான செய்தி ஆதாரமற்றது அல்ல. எஞ்சின் இருந்தது. வியாழக்கிழமை அது ஓடியது. அதை நிருபரின் மைத்துனர் தனபால் விற்றுவிட்டதால் ஞாயிறன்று ஆற்றுக்கு வரவில்லை. விற்றது நிருபருக்குத் தெரியாது. நிருபரின் மனைவிக்குத் தெரியும்.